நிறுத்தக் கூடாத இன்ஜின்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. காதில் விழுந்தது. விழுந்திருக்கக் கூடாது, விழுந்துவிட்டது. அன்றைக்கு அந்த இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்திருந்தால் நானும் வழக்கம்போலப் பெட்டிகளைத் தள்ளினோம், பஸ்ஸைப் பிடித்தோம், படுத்தோம் என்று இருந்திருப்பேன்.

ஊர் சிகாகோ. ஸ்டேஷன் எது என்று கேட்காதீர்கள். மேலே ஆபீஸ் கட்டடம், அதற்கு அடியில் தண்டவாளம். தெரிந்தவருக்குத் தெரியும். தெரியாதவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் அங்கே சிவப்புத் தொப்பி போட்ட சுமைக்காரன். பிரயாணிகளின் சாமான்களை வண்டியில் ஏற்றித் தள்ளுகிறவன். கதைக்குள் வர எனக்கு ஆசையில்லை. எங்கே நின்று கேட்டேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொன்னேன். இனிமேல் ரோஸ்கோ என்கிறவனின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் சொல்லப் போகிறேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"சிகாகோவின் ஜனவரிக் குளிரில், ஏரியிலிருந்து வீசிய காற்று முகத்தை அறுக்க—"

விட்டுவிட்டேன். கதை நடக்கிற இடத்தில் காற்றே கிடையாது. காற்று இருந்தால் கதையும் கிடையாது.

இரண்டாவது தொடக்கம்:

"லாவோன் நல்லவள்."

இதை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவனுக்கு, பாடுபட்டு எழுதிய வரியை அடிக்கக் கை வராது. அதனால் தப்பான வரிகளும் இதில் அங்கங்கே கிடக்கும். தாண்டி வந்துவிடுங்கள்.

லாவோன் நல்லவள் என்பது பாதிதான் உண்மை. ரயில் பெட்டிகளைக் கூட்டுகிறவர்கள் சாப்பிட உட்காருகிற அறையில் வெந்நீர்க் குழாய் ஓரமாக ஒரு நாற்காலி உண்டு. புதிதாக வந்த பெண் யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால், "எந்திரி கண்ணு, அந்த நாற்காலிக்கு என் பின்பக்கத்தைத்தான் தெரியும்" என்பாள். அடுத்தவர் டப்பாவில் என்ன சாப்பாடு என்று எட்டிப் பார்த்து, கேட்காமலே எடுத்து ருசி பார்ப்பாள். நன்றாக இல்லையென்றால் அதையும் சொல்வாள். கோபம் வந்தால் துடைப்பத்தால் சுவரில் அடிப்பாள். சுவர் என்ன செய்யும், வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்.

3

ரோஸ்கோ இன்ஜினுக்குள் ஏறியது அவன் அக்கா லாவோனால்.

அவள் அந்த ஸ்டேஷனில் பெட்டி கூட்டுகிறவள். அவன் அதற்கு முன்னால் ஒரு கிட்டங்கியில் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். கழுத்தில் டை கட்டியவர் யார் பிளாட்பாரத்தில் நடந்தாலும் அவள் விளக்குமாற்றோடு குறுக்கே போய் நின்று, என் தம்பிக்கு ஒரு வழி சொல்லுங்க என்றாள். அவர்கள் வேறு பிளாட்பாரம் வழியாகப் போக ஆரம்பித்தார்கள். அங்கேயும் போய் நின்றாள். கடைசியில் தொல்லை தாங்காமல்தான் அவனை எடுத்தார்கள் என்று எல்லோரும் சிரிப்பார்கள். ரோஸ்கோவும் சேர்ந்து சிரிப்பான்.

இப்போது அவன் டிரைவர் வேலை பழகுகிறவன். வசந்தம் வரைக்கும் சோதனைக் காலம். அதற்குள் ஒரு தப்பு செய்தால் போதும், வெளியே அனுப்பிவிடலாம். கேள்வி கேட்க ஆளில்லை. பழகுகிறவர்களுக்கு நடுப்பகலில் கொடுக்கிற வேலை, இன்ஜின்களைப் பார்த்துக்கொள்வது. காலையில் புறநகரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கொட்டிய வண்டிகள், சாயங்காலம் அதே ஆட்களை அள்ளிக்கொண்டு போகும்வரை பிளாட்பாரத்திலேயே நிற்கும். இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கும். ரோஸ்கோ ஒவ்வொன்றாக ஏறி, தண்ணீரின் சூட்டைக் காட்டுகிற முள்ளைப் பார்ப்பான், எண்ணெயைப் பார்ப்பான், இறங்குவான்.

லாவோன் தேவாலயத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். தம்பி ஓட்டுகிற முதல் வண்டியில் டிக்கெட் எடுத்து முன்பெட்டியில் உட்காரப் போகிறாளாம். இத்தனை வருஷம் கூட்டின பெட்டியில் ஒரு தடவையாவது சும்மா உட்கார வேண்டுமாம். அதற்குத் தொப்பிகூட வாங்கி வைத்திருந்தாள்.

* ஏன் நிறுத்துவதில்லை என்று கேட்பீர்கள். அந்த இன்ஜின்களின் வயிற்றில் இருப்பது வெறும் தண்ணீர். காரில் ஊற்றுகிற உறையாத திரவத்தை இதில் ஊற்றுவதில்லை. தண்ணீர் உறைந்தால் இரும்பே பிளந்துவிடும். அதனால் குளிர்காலத்தில் நிறுத்தக் கூடாது என்று விதி. மீறி நிறுத்தினால், தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் ஆறியதும் அடியில் ஒரு வால்வு தானாகத் திறந்து மொத்தத்தையும் தண்டவாளத்தில் கொட்டிவிடும். அதோடு அந்த வண்டி பிணம். மறுபடி நிரப்பாமல் கிளம்பாது. இந்த விதி வெட்டவெளி யார்டில், பனிக்குள் நிற்கிற இன்ஜினுக்கு எழுதியது. கீழே, ஜனவரியிலும் நாங்கள் பனியனோடு வேர்த்துக்கொண்டு நிற்கிற இடத்திலும் அதே விதிதான். தலைக்கு மேல் வானமா கூரையா என்று விதி நிமிர்ந்து பார்ப்பதில்லை.

4

[இந்தப் பகுதி பின்னால் வந்திருக்க வேண்டும். நீங்கள் வழி தவறிவிடக் கூடாது என்று இங்கேயே வைக்கிறேன்.]

எங்களுக்கு ரகசியம் பேசுகிற இடம் இன்ஜின் பக்கம்.

சாப்பாட்டு அறைச் சுவர் அட்டை மாதிரி. படிக்கட்டில் பேசினால் எதிரொலித்து டிக்கெட் கவுண்டர்வரை போகும். இன்ஜினை ஒட்டி நின்றால், காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கும், அதுவும் அந்த ஒரு காதுக்கு மட்டும். அதனால் யாருக்காவது யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், "வா, இன்ஜினைப் பாத்துட்டு வரலாம்" என்பார்கள். மற்றவர்கள் புரிந்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அங்கே கல்யாணம் பேசியிருக்கிறார்கள். கல்யாணத்தை முறித்தும் இருக்கிறார்கள். யாரும் இல்லாமல் தனியாக நின்று கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதனால் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், வீட்டிலும் கத்துவோம். போஷேனா என்று போலந்துக்காரி, லாவோனோடு ஜோடியாகப் பெட்டி கூட்டுகிறவள். அவள் புருஷன் ஒருநாள், "நான் இன்ஜின் இல்லடி, புருஷன். மெதுவாச் சொன்னாலும் ஓடுவேன்" என்றானாம். போஷேனா இதை எங்களிடம் சொன்னதும் கத்தித்தான்.

5

லாவோனுக்குப் போன குளிர்காலத்திலிருந்தே மூச்சு சரியில்லை. டாக்டர் அந்தப் புகையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். வெளியே போவது என்றால் வேலையை விட்டுப் போவது. அவள் விஷயத்தை மடித்து வைத்துக்கொண்டாள்.

எங்கள் பெட்டிகள் இரண்டு தட்டு. மேல்தட்டுக்குப் போகிற படி செங்குத்தாக, ஒரு ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டு ஏறுகிற மாதிரி இருக்கும். அவளால் அதில் ஏற முடியவில்லை. போஷேனாவே இரண்டு பேருடைய மேல்தட்டையும் கூட்டினாள். லாவோன் கீழ்த்தட்டைக் கூட்டினாள். அவரவர் பெட்டியை அவரவர் முழுதாகக் கூட்டியதாகச் சூப்பர்வைசரிடம் சொன்னார்கள். தெரிந்தால் லாவோன் உடம்புக்கு லாயக்கில்லாதவள் என்று வீட்டுக்குப் போவாள். பொய் சொன்னதற்கு போஷேனாவும் போவாள்.

ரோஸ்கோவுக்கு இது தெரியாது. அவனுக்குத் தெரிந்தது இருமல் மட்டும். டாக்டரிடம் போனாயா என்று கேட்டால், "போனேன். உன் மூஞ்சிய அடிக்கடி பாக்காதேன்னு சொன்னாரு" என்பாள்.

"விளையாடாதக்கா."

"தூசுடா. தூசுல வேலை பாத்தா தூசுதான் இருமும். போய் உன் முள்ளப் பாரு."

6

இந்த இடத்தில் சூப்பர்வைசர் வர வேண்டும். அவர் பெயர் ஓரோனா. எழுதும்போது எனக்கு அவர் மேல்தான் சந்தேகம்.

முதலில் எழுதியபோது அவருக்கு ஒரு மீசை வைத்தேன். "மீசையை முறுக்கியபடி ஓரோனா பிளாட்பாரத்தை ஒரு பார்வை—" நிஜத்தில் அவருக்கு மீசை கிடையாது. கெட்டவனாக எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது, ஏனென்றால் அவர் ஒருமுறை என் வண்டியைப் பற்றி மேலே புகார் சொல்லியிருக்கிறார். (வண்டி வழியை மறித்துக்கொண்டுதான் நின்றது.) பிறகு, பெரிய மனசுக்காரராக எழுதினேன். அதுவும் ஒட்டவில்லை. ஜன்னல் விளிம்பில் விரலை வைத்து இழுத்துப் பார்த்து, கரி இருந்தால் அந்த விரலை நம் முகத்துக்கு முன்னால் நீட்டுகிற ஆள் அவர். ஒன்றும் பேச மாட்டார், விரல் மட்டும்.

ஆனால் அவரும் ஒருநாள் இன்ஜின் பக்கம் தனியாக நின்றதைப் பார்த்தேன். வாய் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொன்னார் என்று தெரியாது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

7

வழக்கமாக இன்ஜின், தண்டவாளம் கட்டடத்தை விட்டு வெளியே போகிற வாய்ப் பக்கம்தான் நிற்கும். புகையில் பாதியாவது வானத்துக்குப் போய்விடும். அன்றைக்கு ஏதோ கோளாறில் ஒரு வண்டி முன்பின்னாக மாறி வந்துவிட்டது. இன்ஜின் உள்பக்கம், கட்டடத்துக்கு நேர் கீழே, சுவரை முட்டிக்கொண்டு நின்றது. கூரையில் இருக்கிற மின்விசிறிகளில் சுற்றுகிறது சுற்றும், மற்றது பார்த்துக்கொண்டிருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் விளக்குகளைச் சுற்றிப் புகை நீலமாகப் படிந்துவிட்டது. நாக்கில் பழைய செப்புக்காசை வைத்த மாதிரி ருசி.

ரோஸ்கோ இன்ஜினுக்குள் இருந்தான். பக்கக் கண்ணாடியில் அக்கா தெரிந்தாள். தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை நெஞ்சில். தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. போஷேனா குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் முள்ளைப் பார்த்தான். தண்ணீர் நல்ல கொதியில் இருந்தது. வெளியே எப்படியோ, இங்கே வேர்க்கிறது. கொஞ்ச நேரம் நிறுத்தினால் இந்தத் தண்ணீர் அதற்குள் ஆறிவிடப் போவதில்லை. அவள் மூச்சு ஒரு நிலைக்கு வரட்டும், யாரும் வருவதற்குள் கிளப்பிவிடலாம். சோதனைக் காலத்தில் இருக்கிறவன் இப்படி யோசிக்கவே கூடாது. யோசித்தான். எல்லாவற்றையும் யோசித்தான், தண்ணீர், குளிர், விதி, மேலாளர், சாயங்கால வண்டி. ஒன்றை மட்டும் விட்டுவிட்டான், சத்தம்.

நிறுத்தும் பித்தானை அழுத்தினான்.

இன்ஜின் ஒரு உலுக்கு உலுக்கி அடங்கியது. பெட்டிகளில் விளக்கு அணைந்தது. அந்த இடம் அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. உத்தரத்தில் புறா நடக்கிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவே, நிறுத்தத் தெரியாமல், முழுத் தொண்டையில், லாவோனின் குரல்:

"மேல்தட்டுப் படியில நான் கால் வச்சே மாசக்கணக்காச்சு, நீ கூட்டுறதத்தான் நான் கூட்டினேன்னு பொய் சொல்லிட்டுத் திரியுறேன், எனக்குத் தெரியாதா போஷேனா, டாக்டர் போடின்னுட்டாரு, இருந்தாலும் ரோஸ்கோ சீட்டுல உட்கார்ற வரைக்கும், அதுவரைக்கும் மட்டும் என்னைத் தாங்கிக்கோ—"

அடுத்த பெட்டியின் வாசலில் ஓரோனா நின்றிருந்தார். விரல் ஜன்னல் விளிம்பில் இருந்தது. இந்தப் பக்கம் நான், என் வண்டியோடு. அப்பால் இன்னும் இரண்டு மூன்று கூட்டுகிறவர்கள். இன்ஜின் ஜன்னல் திறந்திருந்தது. அதில் ரோஸ்கோவின் தலை.

எல்லோருக்கும் கேட்டது.

8

[இங்கே "அவள் முகம் வெளிறியது" என்று எழுதி வைத்திருந்தேன். கறுப்புப் பெண்ணின் முகம் வெளிறாது. அவள் வாய் திறந்தபடியே இருந்தது. அவ்வளவுதான்.]

போஷேனா தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தாள். ஓரோனா இறங்கி நடந்து வந்தார். லாவோனைத் தாண்டி, அவளைப் பார்க்காமல், இன்ஜினுக்குக் கீழே வந்து நின்று நிமிர்ந்தார்.

"யாரு நிறுத்தினது?"

"நான்தான் பாஸ்," என்றான் ரோஸ்கோ. "எங்க அக்காவுக்கு மூச்சு—"

"நான் அங்க நின்னுட்டிருந்தேன்," என்றார் ஓரோனா. "இன்ஜின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

அவர் அதைச் சொன்னபோது புறா மறுபடி நடந்தது.

"பாஸ்?"

"ஒண்ணும் கேக்கலங்கிறேன். யாரு கேட்டாலும் அதத்தான் சொல்வேன். ஆனா இன்ஜின் ஓடியிருக்கணும்ல? கிளப்பு. மேல இருந்து எவனாவது ஏன் சத்தமில்லன்னு இறங்கி வர்றதுக்குள்ள கிளப்பு."

ரோஸ்கோ அக்காவைப் பார்த்தான். இத்தனை நாள் அவள் யாருக்காக அந்தப் புகைக்குள் உட்கார்ந்திருந்தாள் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்திருந்தது. சாயங்காலம்வரை ஓட வேண்டும் இந்த இன்ஜின். நாளைக்கு வேறொன்று. வசந்தம்வரை.

"அக்கா, நீ மேல போ. படியில நான் தூக்கிட்டுப் போறேன்."

"தூக்குவ. அப்புறம் ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும்." அவள் கத்தவில்லை. கத்த மூச்சில்லை, கத்தத் தேவையும் இல்லை. அந்தப் பிளாட்பாரத்தில் அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை. "ஓட விடுடா ரோஸ்கோ."

நிறுத்த ஒரு தட்டு போதும். கிளப்ப, பித்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், எண்ணெய் ஊறும்வரை. அவ்வளவு நேரமும் விரலை எடுக்கக் கூடாது. ரோஸ்கோ அதன்மேல் கட்டைவிரலை வைத்தான்.

9

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்றில் அவன் கிளப்புகிறான். எல்லோருக்கும் வேலை நிலைக்கிறது. வசந்தத்தில் அவன் சீட்டில் உட்காருகிறான். முன்பெட்டியில் அக்கா தொப்பியோடு—. இந்த வரியில் நின்றுவிட்டேன். புகை வசந்தம்வரை அவளை விட்டுவைத்திருக்குமா என்று எனக்கு எழுத வரவில்லை.

இரண்டாவதில் அவன் இன்ஜினை நகர்த்துகிற கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறான். அவளைத் தூக்கிக்கொண்டு படியேறி வெளியே, பனிக்குள், காற்றுக்குள் போகிறான். கீழே தண்ணீர் ஆறி, வால்வு திறந்து, எல்லாம் கொட்டுகிறது. சாயங்காலக் கூட்டம் பிளாட்பாரத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டு திட்டுகிறது. இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவன் தோளில் கிடந்தபடியே லாவோன் அவன் முதுகில் குத்துகிறாள். எவ்வளவு முயன்றும் அவள் குத்துவதை என்னால் நிறுத்த முடியவில்லை. அந்தச் சீட்டுக்காகத்தான் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்கியவனோடு இனி பேச மாட்டாள். நான் சொன்னேனே, பாதிதான் நல்லவள்.

மூன்றாவதில் ஓரோனா அவளுக்கு மேலே, டிக்கெட் மண்டபத்தில், வெளிச்சமான வேலை ஒன்று வாங்கித் தருகிறார். இதை எங்களோடு பெட்டி தள்ளுகிற கிழவன் ஒருவனுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படி ஒரு வேலை மேல இருந்தா நான் போயிருக்க மாட்டேனா?" என்று கேட்டுவிட்டு மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிட்டான். அதைக் கிழிக்கவில்லை, மடித்து வேறு இடத்தில் வைத்திருக்கிறேன்.

நிஜத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நான்தான் அங்கே நின்றேனே. சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் ரோஸ்கோவை நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ ஒரு பக்கம் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

இப்போதைக்கு, இந்தப் பக்கத்தில், இன்ஜின் நின்றிருக்கிறது. நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைகிறது. வாளிமேல் உட்கார்ந்திருக்கிறவளின் தோள் முன்னைவிட மெதுவாக ஏறி இறங்குகிறது. அடுத்த வரியை நான் எழுதாதவரைக்கும் அவளுக்கு மூச்சு வரும். எழுதாதவரைக்கும் அவள் கத்தியதும் அப்படியே அந்தரத்தில் தொங்கும், ஓரோனா கேட்கவில்லை என்று சொன்ன வாயை மூடாமல் நிற்பார். மேலே யாரோ கதவைத் திறக்கிறார்கள். முள் இறங்க ஆரம்பித்துவிட்டது, தண்ணீர் என்னைக் கேட்டுக்கொண்டு ஆறப் போவதில்லை.

எனக்கு ஒரு பிரயாணி காத்திருக்கிறார், இரண்டு பெட்டி, ஒரு கூண்டுப் பூனை. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். அவன் கட்டைவிரல் பித்தான்மேல் இருக்கிறது. அழுத்தவா வேண்டாமா என்று நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள். கத்த வேண்டியதில்லை. சாதாரணமாகச் சொன்னாலே அவனுக்குக் கேட்கும்.